கேட்ட பிடி

சுயம்புவுக்குக் கழுத்து வலப்பக்கம் திரும்பாமல் போய் ஆறேழு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் நின்று யாராவது கூப்பிட்டால் வண்டி மாடுபோல உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். தோளில் தொடங்குகிற வலி பிடரி வழியே ஏறிக் காதுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்ளும். எண்ணெய் போட்டுத் தடவினாலும் சரி, தவிட்டைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தாலும் சரி, அது எழுந்து போவதாக இல்லை. காரணம் அவனுக்குத் தெரியும். ஒரு ஆள் மூட்டையைத் தனியாகத் தலைக்கு ஏற்றக் கூடாது. அவன் ஏற்றிக்கொண்டிருந்தான்.

கோட்டாறு கடைத்தெருவில் சுமடு எடுக்கிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தலையில் சும்மாட்டை வைத்து, மூட்டையின் ஒரு நுனியில் கை போட்டுக் குனிந்து நின்று ஒருத்தன் 'பிடி' என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவன் மறு நுனியைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். மச்சினனாக இருந்தாலும், மச்சினனைக் குத்தினவனாக இருந்தாலும் ஒன்றுதான். கேட்டும் கொடுக்காமல் போனால் அது கடன். இன்னொரு நாள் அதே ஆள் குனிந்து கேட்க, கொடுத்த பிறகுதான் கழியும்.

சுயம்புவுக்கு யாரும் கடன்படவில்லை. அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான். லாரிப் பலகையில் இருக்கிற மூட்டைக்குக் கீழே தலையைக் கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்துத் தானே ஏற்றிக்கொண்டு போனான். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கொடுக்கிற கை தயங்கும். தன் மூட்டைக்கு அவனிடம் மட்டும் யாரும் பிடி கேட்கவும் மாட்டார்கள். 'கை விட்டவன்' என்று ஒரு பேர் அவனுக்கு விழுந்திருந்தது. சுமட்டுக்காரனுக்குத் திருடன் என்கிற பேரைவிட மோசமான பேர் அது.

அந்தப் பேரை வைத்தவன் ஞானம்.

ஞானமும் சுயம்புவும் மீசை அரும்பின காலந்தொட்டு ஒரே மூட்டையின் இரண்டு நுனிகள். ஞானம் மூத்தவன். அஞ்சுகிராமத்திலிருந்து வெறுங்கையோடு வந்த சுயம்புவுக்குச் சும்மாடு சுற்றக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். அந்த ஞானம், அரிசி மண்டி வாசலில், மூட்டை நெஞ்சுயரம் ஏறிக்கொண்டிருந்தபோது சட்டென்று கையைத் திறந்துவிட்டான். சுயம்பு பார்த்தான். பத்து விரலும் விரிந்தது. கண் தெருவைப் பார்த்தது, முதல்முதலாகப் பார்க்கிறதுபோல. மூட்டை சரிந்து ஞானத்தின் இடுப்பிலேயே விழுந்தது. தரையில் கிடந்தபடி எல்லாரும் கேட்க ஞானம் சொன்னான்:

"இவன் கைய விட்டுட்டாம்லே."

அதற்குப் பிறகு சுயம்பு என்ன சொன்னாலும் எடுபடவில்லை. அடிபட்டவன் பேச்சுக்கு ஒரு பலம் உண்டு. சுமட்டுச் செட்டுத் தலைவர் அய்யம்பெருமாள் ஒரே வரியில் முடித்தார். "ஞானம் பொய் சொல்லுக ஆளு இல்லடே."

அது உண்மைதான். அதுதான் சுயம்புவுக்கு முள்ளாகக் குத்தியது.

பிறகு ஞானத்தைப் பற்றிய சேதிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஞானம் வீட்டுக்குப் போகிற வழியை விட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன பெண்டாட்டிக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு போனான். மகள் சபிதா தன் வேட்டியை ஒளித்து வைக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் புகார் சொன்னான். சுயம்புவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பழைய லாரி நம்பரெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவனுக்கு என்ன மறதி? சொன்ன பொய்யை மூடுவதற்கு இன்னொரு வேஷம் போடுகிறானோ? பிறகு இன்னொரு விதமாகவும் தோன்றியது. வேஷமில்லை, சீக்குத்தான் என்றால், மண்டி வாசலில் கையைத் திறந்ததும் அந்தச் சீக்குத்தான். அப்படியானால் தன் பேர் கழுவப்பட்டுவிடும்.

அதனால்தான் சபிதா, "அப்பாவத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போணும், தொணைக்கு ஒரு ஆளு வேணும்" என்று தெருவில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்ததும் சுயம்பு தானாகப் போய் நின்றான்.

சபிதா உடனே சரி சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்துத் துணிக்கடையில் இரண்டு வருஷம் நின்று பழகினவள். ஆளை எடைபோடத் தெரியும். மாப்பிள்ளை துபாயில் இருந்தான்.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கேன். எங்கப்பாவுக்குப் புத்தி பெசகிட்டுண்ணு ஆச்சுண்ணா ஒங்களுக்கு நல்லதுதானே?"

"ஆமா" என்றான் சுயம்பு. "அவருக்கு மருந்து கெடைக்கும். எனக்கு ஒரு கை கெடைக்கும்."

"மூஞ்சிக்கு நேரே சொல்லுகியளே."

"பொறத்தால சொல்லுகதுக்கு இங்க ஆளு நெறைய உண்டு பிள்ளே."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்தாள்.

ரயிலில் ஞானம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். சுயம்புவை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குழித்துறை தாண்டினதும் காதோடு சொன்னான்: "லே, கூட வாறாளே அந்தப் பொண்ணு, பையப் பாத்துக்கோ. ஆளு சரியில்ல."

"ஒம்ம மகளாக்கும் அண்ணாச்சி."

"மகளுண்ணா? அப்பம் நீதான் சரியில்ல."

பெரிய ஆசுபத்திரியில் ஏற்கெனவே தலையைப் படம் பிடித்து, இரத்தம் எடுத்து, கேள்விகள் கேட்டு முடித்திருந்தார்கள். இன்றைக்கு முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். அதைக் கேட்டதும் சுயம்புவின் கை தானாகத் தன் முதுகுக்குப் போனது. சுமட்டுக்காரனுக்கு உள்ள ஒரே கைமுதல் நட்டெல்லு என்கிற முதுகெலும்பு. அதில் போய் ஓட்டை போடுவதா? குத்தினால் கால் விளங்காமல் போகும் என்று டீக்கடையில் ஒருத்தன் சொல்லியிருந்தான். அப்படிப் போனவன் பேர் கேட்டால் மட்டும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் நடுவயதுப் பெண். மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். சபிதா கேட்டுச் சுயம்புவுக்குத் தமிழில் சொன்னாள்.

"மூளையும் நட்டெல்லும் ஒரே நீருலதான் கெடக்காம் சித்தப்பா. இந்த மறதித் தீனம் உள்ளவங்களுக்கு மூளையில ஒரு புரதம் கட்டிகட்டியா அடைஞ்சு போவுமாம். அப்பம் அது நீருக்கு வந்து சேருகது கொறஞ்சிரும். மூளைக்க உள்ள கெட்டுப்போற எடத்துல இருந்து இன்னொரு புரதம் நீருல கூடுமாம். ரெண்டையும் அளந்தா, இது வயசுக்க மறதியா, அந்தத் தீனமாண்ணு சொல்லிரலாமாம்."

சுயம்பு யோசித்தான். "கிட்டங்கியில சரக்கு தேங்கிட்டுண்ணா தெருவுக்கு மூட்டை கொறச்சலா வரும். அதானே ஒண்ணு?"

"ஆமாண்ணு வச்சுக்கோங்க."

"மத்தது, கிட்டங்கிக்க செவரு இடிஞ்சு ஓடையில வாற மண்ணு."

சபிதா அதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். சுயம்பு அந்த நேரம் பார்த்துத் தன் கேள்வியை எடுத்தான். "அப்பம், அண்ணைக்கு மூட்டைய விட்டது ஆருண்ணு அந்த நீரு சொல்லிருமா?"

சபிதா முறைத்தாள். ஆனாலும் கேட்டுச் சொன்னாள். "நீரு இவருக்கத் தலைக்குள்ள என்ன நடக்குண்ணு சொல்லுமாம். கடை வாசல்ல என்ன நடந்துதுண்ணு சொல்லாதாம்."

அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. படித்தவர்கள் எப்போதும் ஒரு கதவைத் திறந்தே வைப்பார்கள், ஓடுவதற்கு.

ஞானத்தைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முழங்கால் நெஞ்சைத் தொட, முதுகு வில்லாக வளைய, இறாலைப்போலச் சுருண்டு கிடக்க வேண்டும். அசையக் கூடாது. ஞானம் கிடக்கவில்லை. "நட்டெல்லுக்க எண்ணெய எடுக்கப் போறானுவ" என்று காலை உதறினான். உதவிக்கு வந்த பையனின் பிடி நழுவியது. டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். ஆளுக்குத் தெரிந்தவர் யாராவது வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்றார். சபிதா கதவருகிலேயே அழுதுகொண்டிருந்தாள். சுயம்பு உள்ளே போனான்.

முன்பக்கம் குனிந்து ஒரு கையைப் பிடரியிலும் ஒரு கையை முழங்காலுக்குப் பின்னாலும் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள்.

"கைய விட்டுராதீங்க" என்றாள் நர்ஸ், நாகர்கோவில்காரி.

ஞானம் அவன் முகத்தைப் பார்த்தான். "நீ விட்டுருவலே. ஒனக்கு அதான பழக்கம்."

சுயம்புவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழைய சத்தம் ஒன்றுதான் வாயில் வந்தது. மூட்டைக்குக் குனியும்போது இருவரும் சேர்ந்து விடுகிற சத்தம். "ஏ... பிடி."

ஞானத்தின் உடம்பு கேட்டது. தலைக்குமேல் சுமை வருகிறதென்று கழுத்தை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து, மூச்சை அடக்கி நின்றான், படுத்தபடியே. ஊசி போனது. எலும்பில் தட்டியது. சுமந்து சுமந்து எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் இடமே இல்லையென்று டாக்டர் முணுமுணுத்து, எடுத்து, இன்னொரு இடத்தில் குத்தினார். சுயம்புவின் கழுத்து தீயாகக் காய்ந்தது. கையைத் தளர்த்தவில்லை. ஞானத்தின் மூச்சு அவன் கன்னத்தில் சுட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சொட்டியது. சுயம்பு மஞ்சளாக, கொழுகொழுவென்று எதையோ எதிர்பார்த்திருந்தான். வந்தது கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது. சின்னப் பிளாஸ்டிக் குழாயில் பிடித்தார்கள்.

"கண்ணாடிக் குப்பி இல்லியா?" என்றான். அவனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

"அந்தப் புரதம் கண்ணாடியில ஒட்டிக்கிடும் அண்ணாச்சி. அளவு பொய்யாப் போவும். இதுக்குண்ணே உள்ள பிளாஸ்டிக்காக்கும் இது" என்றாள் நர்ஸ்.

குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டே அளவைப் பொய்யாக்குமா? அது என்ன மாதிரிச் சாட்சி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஊசி குத்தின இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டி, மல்லாக்கப் படுக்கப் போட்டிருந்தபோது ஞானம் கூரையைப் பார்த்துச் சொன்னான்: "லே, கொறச்சு எறக்கிட்டானுவ. தல கனமில்லாம கெடக்கு." கால் இரண்டும் நன்றாக ஆடின. டீக்கடையில் சொன்னவன் வாயில் மண் விழுந்தது.

முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை சுயம்பு மாலை வேளைகளில் ஞானம் வீட்டுப் பக்கம் போய்வந்தான். சபிதா டீ கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிடுவாளோ என்று அவன் நினைத்தான். அப்பனைப் பைத்தியம் என்று ஊர் பேசுவதை எந்த மகள் விரும்புவாள்? முடிவு வந்துவிட்டதா என்று அவன் கேட்பதும், அவள் இல்லையென்பதும், அவன் அவள் போனைப் பார்ப்பதுமாகப் போனது.

ஒரு சாயங்காலம் அவன் இருக்கும்போதே போன் வந்தது. சபிதாவின் கையெல்லாம் தோசைமாவு. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டரின் குரல். சுயம்பு கழுத்தோடு உடம்பையும் திருப்பினான்.

"சபிதா, அச்சன்றெ ரிசல்ட் வந்நு. டெஸ்டில் அசுகம் தெளிஞ்ஞு, கேட்டோ. இனி சம்சயமில்ல."

சபிதா மாவுக்கையோடு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மிச்சப் பேச்சு அவனுக்குக் கேட்கவில்லை. கேட்ட வரையில் போதுமாக இருந்தது. அஞ்சுகிராமத்துக் காதுக்கு மலையாளம் பாதி விளங்கும். மீதி விளங்கின மாதிரி இருக்கும். அசுகம், அதாவது சீக்கு, தெளிஞ்சாச்சு. சந்தேகமில்லை. ஞானத்துக்கு ஒன்றும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது முகம் களையில்லாமல் இருந்தது.

"தெளிஞ்சிட்டா பிள்ளே?"

"தெளிஞ்சிட்டு சித்தப்பா." அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நோய் இல்லையென்று வந்தால் மகளுக்குச் சிரிப்பல்லவா வரவேண்டும்? இவளுக்கு ஏன் வரவில்லை? சுயம்பு தெருவில் நடந்தபடி அதையே மென்றான். அப்பன் நடித்தது வெளியே வந்துவிட்டதே என்கிற வெட்கம். வேறென்ன? நல்ல புத்தியோடுதான் அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லியிருக்கிறான். நல்ல புத்தியோடுதான் கட்டிலில் கிடந்தபடியும், 'நீ விட்டுருவலே' என்றிருக்கிறான். அந்த வார்த்தையைத் தாங்கிக்கொண்டா இவனைக் கட்டிப் பிடித்தேன்?

அவனுக்குள் இன்னொரு எண்ணமும் தலை நீட்டியது. ஒருவேளை அன்றைக்குத் தன் கைதான் தளர்ந்ததோ? ஞானத்தின் விரல்கள் விரிந்ததைத் தான் பார்த்தது நிஜமா, பிறகு சேர்த்துக்கொண்டதா? அந்த எண்ணத்தை அவனால் அடித்து விரட்ட முடியவில்லை. அதற்கும் சேர்த்து ஞானத்தின்மேல் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் மண்டி வாசலில் லாரி நின்றது. ஆட்கள் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அய்யம்பெருமாள் பல்லுக்குள் குச்சியை வைத்துக்கொண்டு கேட்டார்: "என்னடே, ஞானத்துக்க முதுகுல எடுத்த வெள்ளம் என்ன சொல்லுகு?"

மறைக்கலாம். தனக்கு எதிரான முடிவை எவனாவது தானாகச் சொல்வானா? ஆனால் மறைக்க வேண்டும் என்று சுயம்புவுக்குத் தோன்றவில்லை.

"ஒண்ணுமில்லியாம். தெளிஞ்சிட்டாம்."

ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன், "அப்பம் ஆளு பழைய ஆளுதான்" என்றான். அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். ஞானத்துக்குப் புத்தி இருந்தால், சொன்ன சொல்லும் இருக்கிறது. அய்யம்பெருமாள் குச்சியைத் துப்பிவிட்டுச் சுயம்புவைப் பார்க்காமல் நகர்ந்தார்.

அதே நேரம் தெருமுனையில் ஞானம் வந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. கைலியை மடித்துக் கட்டியிருந்தான். துவர்த்துத் துண்டை அழகாகச் சுற்றிச் சும்மாடாக்கித் தலையில் வைத்திருந்தான். அந்தச் சுற்று யாருக்கும் வராது. நடையிலும் குறையில்லை. "வந்துட்டாம்லே ஞானம்" என்று நாலுபேர் குரல் கொடுத்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. இறக்கி வைத்திருந்த மூட்டைகளைத் தாண்டி நேராகச் சுயம்புவின் முன்னால் இருந்த மூட்டைக்கு வந்தான். ஒரு நுனியில் கைபோட்டுக் குனிந்தான்.

"பிடிலே."

சுயம்பு இரண்டு கையையும் கட்டிக்கொண்டான்.

"கை விட்டவன்கிட்ட எதுக்குக் கேக்கீரு? வேற ஆளில்லியா ஒமக்கு?"

"பிடிலே சுயம்பு."

"நடிச்சது போதும் ஓய். எல்லாம் தெளிஞ்சாச்சு. அத்தன பேரு முன்ன சொன்னீரே, இண்ணைக்கு இத்தன பேரு முன்ன மாத்திச் சொல்லும். பிடி தாறேன்."

ஞானம் நிமிரவில்லை. கழுத்தை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து, மூச்சடக்கி அப்படியே நின்றான். கோபப்படுகிறவன் நிற்கிற நிலை இல்லை அது. கெஞ்சுகிறவன் நிற்கிற நிலையும் இல்லை. சுமை வரும் என்று உடம்புக்குத் தெரியும், வந்தால் நடக்கத் தெரியும். வராமல்போனால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவனிடம் இல்லாமல் போயிருந்தது. லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். சுயம்பு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பினான். அதனால் ஞானத்துக்கு முழு முதுகையும் காட்டி நின்றான்.

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. சபிதா. கூந்தல்கூட முடியவில்லை. அப்பனின் முழங்கையைப் பிடித்து, "வாங்கப்பா, நிமிருங்கப்பா" என்றாள். ஞானம் நிமிரவில்லை. அவள் சுயம்புவைப் பார்த்தாள்.

"கேட்டாவுளே சித்தப்பா. ஒரு கை குடுத்தா என்ன?"

"அவருக்கு என்ன கேடு? நீயே சொன்னியே தெளிஞ்சிட்டுண்ணு."

சபிதாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மெதுவாகச் சொன்னாள். "அய்யோ சித்தப்பா. சொகமாயிட்டுண்ணா நெனச்சிய? மலையாளத்துல தெளிஞ்ஞுண்ணா உறுதியாயிட்டுண்ணு அர்த்தம். அந்தத் தீனம்தான். நீருல ஒண்ணு கொறஞ்சிருக்கு, மத்தது கூடியிருக்கு. சந்தேகமே இல்லேண்ணுதான் டாக்டரு சொன்னாவ. மருந்து குடுத்தாலும் தீனம் கொறச்சுப் பையக் கூடுமே தவிர நிக்காது."

அவள் அப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகச் சாக்கிலிருந்து பிரித்தாள். நிமிர்த்தி, கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஞானம் போகிற போக்கில் தலையில் இருந்த சும்மாட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், மூட்டை இருக்கிறதா என்று.

அய்யம்பெருமாள்தான் முதலில் அசைந்தார். ஞானம் விட்டுப்போன மூட்டையின் நுனியில் வந்து நின்றார்.

"குனிடே சுயம்பு. நான் பிடி தாறேன்."

அதில் ஒரு தீர்ப்பு இருந்தது. மாதக்கணக்காக அவன் காத்திருந்த தீர்ப்பு. சுயம்பு குனிந்தான். மூட்டை ஏறியது. நடந்தான். கிட்டங்கிக்குள் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, லிஜின் என்கிற இளவட்டம் தன் மூட்டையின் முன்னால் குனிந்து, "அண்ணாச்சி, ஒரு பிடி" என்றான். எல்லாம் பழையபடி ஆனது. கழுத்து வலியும் நாளடைவில் குறைந்தது.

சுயம்பு சாயங்காலந்தோறும் ஞானம் வீட்டுக்குப் போகிறான். இப்போது சபிதா டீயோடு முகமும் கொடுக்கிறாள். ஒருநாள் அவன் அரிசிச் சாக்கு ஒன்றைக் கொண்டுபோய் ஞானத்தின் முன்னால் வைத்தான். "அண்ணாச்சி, குனியும். பிடி தாறேன்." ஞானம் சாக்கைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "ஆருக்க சரக்கு? எனக்கு வேண்டாம்" என்றான்.

கடைத்தெருவில் அய்யம்பெருமாள் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். "விடுடே. அவனுக்குத்தான் ஓர்மையில்லியே. ஆரு வந்து கேக்கப் போறா?"

"கேக்க ஆளில்லேண்ணா கடன் இல்லாமப் போயிருமா?" என்றான் சுயம்பு.

கேட்டவன் மறுபடியும் குனிந்து கேட்க வேண்டும். அப்போதுதான் கழியும். ஞானம் இனிக் குனியப் போவதில்லை.

ஞானத்துக்குச் சுயம்பு ஒரு பிடி பாக்கி.